காரை உயர்த்திய வருடம்

1

எங்கள் கார் நான்கு சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. முன்பு அதன் அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு சாண் நுழையாது. இப்போது நுழையும்.

எங்கள் கார் என்றுதான் எழுத வருகிறது. என் கணவர், இவர், போய் மூன்று வருடமாகிறது. ஆனாலும் அந்தப் பழைய கொம்பியை என் கார் என்று சொல்லப் பழகவில்லை. பின்பக்கம் நீண்டு, சாமான் ஏற்ற வசதியாக இருக்கும் காரை ஜெர்மனியில் கொம்பி என்பார்கள். இவர் கோயில் திருவிழாவுக்கு அரிசி மூட்டை ஏற்றவென்று வாங்கியது. கோயில் ஹனோவரில். நாங்கள் இருந்தது அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், ஹார்ஸ் மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஊரில். இவருக்கு அங்கே இரும்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் அந்த ஊர். அன்றைக்கு அந்த ஊரில் தமிழர் நாங்கள் மட்டும்தான். இப்போது நான் மட்டும்.

நான் வீடு வீடாகப் போய் வயோதிபரைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். காலுறை போட்டுவிடுவது, குளிப்பாட்டுவது, மாத்திரை பிரித்து வைப்பது, இன்சுலின் ஏற்றுவது. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மதியத்துக்குள் பதினான்கு வீடு. நிறுவனத்தின் சின்னக் கார்கள் மலைப்பாதைக்குத் தாங்காது என்பதால் மேலே இருக்கும் வீடுகளுக்கு நான் கொம்பியில் போவேன். அந்த வீடுகளில் ஆகத் தூரத்து வீடு பிராண்டெஸ் என்பவருடையது. காட்டுப்பாதையின் முடிவில், ஊரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர். எண்பத்தாறு வயது. முன்னாள் வனத் தொழிலாளி. மனைவி இல்லை, ஒரே மகன் தெற்கே மியூனிக்கில். காலை ஏழு மணிக்கு ஊசி ஏற்றி, அவர் சாப்பிடத் தொடங்குவதைப் பார்த்துவிட்டு நான் கிளம்பவேண்டும். அதற்கு எனக்கு ஒதுக்கியிருப்பது பத்து நிமிடம்.

போன வருடம் தை மாதம் ஒரு காலை, அந்தப் பாதையில் கொம்பி நின்றுவிட்டது. ரயர் வழுக்கவில்லை. முதல் நாள் விறகு லொறி போன தடத்தில் பனி இறுகிக் கல்லாகிக் கிடந்தது. சில்லுகள் இரண்டு பக்கத் தடத்திலும் இறங்க, நடுவில் நின்ற பனிமேட்டில் காரின் வயிறு குந்திவிட்டது. சில்லுகள் பாரம் இல்லாமல் வெறுமனே சுற்றின. இறங்கிக் கையால் பனியைத் தோண்டிப் பார்த்தேன். கையுறை நனைந்ததுதான் மிச்சம். தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். லொறித் தடம் சற்று மேலே முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு முழங்கால் வரை பனி. மூன்று கிலோமீற்றர் ஏறுவதற்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது.

பிராண்டெஸ் குசினி மேசையில் இருந்தார். எதிரே பாண் வெட்டி, வெண்ணெய் பூசி, தொடாமல் வைத்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. என்னை யாரென்று தெரியாதவர்போலப் பார்த்தார். இரத்தத்தில் சீனி பார்த்தேன், பயப்படும் அளவுக்கு இறங்கியிருந்தது. ஊசிக்கு முன் சாப்பிடக்கூடாது என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அதனால் முதல்நாள் மருந்து உடம்பில் வேலை செய்துகொண்டிருக்க, சாப்பிடாமலே இருந்திருக்கிறார். பழச்சாறு பருக்கி, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் கண் தெளிந்தது.

"ஷ்வெஸ்ரர், இன்றைக்குப் பிந்திவிட்டீர்கள்" என்றார். தாதியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் வைத்திருந்த பெயரும் அதுதான்.

2

அடுத்த கிழமை எங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். என் வயதுப் பெண்மணி, கெட்டவர் இல்லை.

"அடுத்த குளிர்காலத்துக்கு அந்த வீட்டை எடுக்கமுடியாது" என்றார். "மகனோடு பேசிவிட்டேன். இலையுதிர் காலத்துக்குள் அவரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதாகச் சொல்கிறார்."

"அவருக்கு விருப்பமா?"

"அவருக்கு விருப்பமில்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் பனியிலும் அவர் குசினியிலும் கிடந்திருப்பீர்கள். எனக்கு அது வேண்டாம்."

"நான் போவேன்" என்றேன்.

"எதில்?"

எதிலாவது, என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். பிராண்டெஸ் ஒன்றும் அன்பாகப் பேசும் மனிதர் அல்லர். நன்றி சொல்ல மாட்டார். பத்து நிமிடத்தில் ஐந்து சொல் பேசினால் அதிகம். ஆனால் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலை ஏழு மணிக்கு உடுத்துத் தலைவாரி, குசினியில் தேத்தண்ணியோடு இருப்பேன். எங்கும் போவதற்கில்லை. யாரும் வருவதற்கும் இல்லை. ஊரில் ஒரு வீடாவது என்னை நேரம் பார்த்து எதிர்பார்த்திருக்கிறது என்றால், அது பனிக்காலத்திலும் எதிர்பார்க்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

ரயர்களுக்குப் பனிச்சங்கிலி போடலாமே என்றார்கள் கூட வேலை செய்பவர்கள். போடலாம், ஆனால் சங்கிலி வயிற்றைத் தூக்காது. புதிதாக உயரமான கார் வாங்கச் சொன்னார்கள். அதற்கு வசதியில்லை. வசதி இருந்தாலும் கொம்பியை விற்க மனம் வந்திராது. கடைசியில், தண்ணீர் பரிசோதிக்க மலைக்கு வரும் ஒருவர், காரின் ஸ்பிரிங்குகளை மாற்றி உயர்த்தலாம் என்றும், உயர்த்தினால் பெரிய பனிக்கால ரயர்கள் பூட்ட இடம் வரும் என்றும் சொன்னார். அவருடைய வண்டியும் அப்படிச் செய்ததுதான்.

ஹனோவரில் இருக்கும் சிவம் அண்ணையிடம் தொலைபேசியில் கேட்டேன். இவருடைய கூட்டாளி, இவருடைய இறுதிக் காரியங்களை எல்லாம் முன்னின்று செய்தவர்.

"தங்கச்சி, உதெல்லாம் பொடியள் விளையாடுற விளையாட்டு. உங்களுக்கு ஏன் உந்த வேலை? காரை வித்துப்போட்டு இஞ்சாலை வாங்கோ. கோயில் கிட்ட, சனம் கிட்ட. தனிய அந்த மலையிலை இருந்து என்ன செய்யப்போறியள்?"

"வேலை இருக்குதண்ணை."

"வேலை இஞ்சையும் இருக்கு."

"ஓம். ஆனா இஞ்சை ஒரு மனுசன் இருக்கிறார், நான் போகாட்டி அவரை வீட்டை விட்டு எடுத்துப்போடுவினம்."

அவர், "எங்கடை சனத்திலை ஒரு ஆளெண்டாலும் பரவாயில்லை" என்று தொடங்கி, அதை முடிக்காமல், "சரி, கவனமாச் செய்யுங்கோ" என்றார்.

3

புரட்டாதியில் ஒரு கராஜுக்குப் போனேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் தாடி வைத்த முதலாளி நின்றார். மனதில் பாடமாக்கி வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன். காரை உயர்த்தவேண்டும். ஜெர்மன் மொழியில் உயர்த்துவதற்குப் பல சொற்கள் உண்டு. நான் சொன்ன சொல், கால் வீங்கியவர்களைத் தலையணைமேல் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுக்கச் சொல்வோமே, அந்தச் சொல். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிய சொல்.

அவர் சிரிக்காமல் கேட்டார்: "அவ்வளவு களைத்துப்போயிருக்கிறதா உங்கள் கார்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு சொல்லில் ஆளை வெளியே நிறுத்திவிடும் மொழி இது. ஆனால் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, குனிந்து காரின் அடியைப் பார்த்து, வயிற்றில் பனிக்கட்டி உரசிய கீறல்களை விரலால் தடவினார். எங்கே போய் இப்படியானது என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

வேலை இரண்டு நாள். நான்கு ஸ்பிரிங்கும் நீளமானவையாக மாறின. உயர்ந்த காரின் சில்லுகள் கோணலாக நிற்கும் என்பதால் அவற்றை நேராக்க வேண்டும். விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும் என்பதால் அவற்றைத் தாழ்த்த வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் திருத்தவேண்டியிருந்தது. பிறகு ரயர்கள் வந்தன. கறுத்து, தடித்து, ஆழமான வெட்டுகளோடு. பூட்டியபின் கார் வேறு யாருடையதோ போல நின்றது. கதவைத் திறந்து இருக்கையில் இருந்தேன். வழக்கமாகத் தாழ இறங்கி இருக்கும் உடம்பு, இடையிலேயே இருக்கையில் முட்டியது.

அதோடு முடியாது. இந்த நாட்டில் காரின் உயரத்தை மாற்றினால் பரிசோதகர் பார்த்து ஒப்பமிடவேண்டும். டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், எடுத்துப் போனேன். பரிசோதகர் ஒரு முன்சில்லையும் எதிர்ப்பக்கத்துப் பின்சில்லையும் மரக்கட்டைகள்மேல் ஏற்றி, காரை முறுக்கி நிற்கவைத்து, ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பச் சொன்னார். இடப்பக்க முன்ரயர் உள்ளே இருந்த பிளாஸ்ரிக்கில் உரசியது. காகிதத்தாள் கிழிவதுபோல மெல்லிய சத்தம்.

"இல்லை" என்றார்.

"மிகக் கொஞ்சம்தானே?"

"மிகக் கொஞ்சமும் உரசல்தான்."

திரும்பக் கராஜ், திரும்ப டெர்மின். அடுத்த முறை உரசவில்லை. அவர் கையெழுத்து வைத்துவிட்டு, இந்தத் தாளோடு வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

4

வாகனப் பதிவு அலுவலகத்துக்கு நான் முன்பு போனதேயில்லை. அதெல்லாம் இவருடைய வேலை. இலக்கத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்து, என் இலக்கம் திரையில் வந்ததும் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் பெண். பத்திரத்தைப் பார்த்தார்.

"இது உங்கள் பெயரில் இல்லையே."

"என் கணவர் பெயரில்."

"அப்படியானால் அவர் வரவேண்டும். அல்லது அவர் அதிகாரம் கொடுத்து எழுதிய கடிதம் வேண்டும்."

மூன்று வருடமாகப் பெயரை மாற்றாமல் வைத்திருந்தது என் பிழைதான். காப்புறுதிக்குக் காசு போய்க்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை, நானும் தொடவில்லை. வேலையில் மரணத்துக்குரிய ஜெர்மன் சொல்லை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், எத்தனையோ பேருக்காகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. தமிழில் நாங்கள் சொல்வதைத்தான் ஜெர்மனில் சொன்னேன்.

"அவர் போய்விட்டார்."

"போய்விட்டாரா? வெளிநாட்டுக்கா?"

நான் கைப்பையைத் திறந்தேன்.

"எப்போது திரும்பி வருவார்? அதற்குத் தக்கமாதிரி உங்களுக்கு டெர்மின் போட்டுத் தரலாம்."

அந்தப் பெண் உதவி செய்யத்தான் பார்த்தார். எனக்கு ஒரு கணம், மார்கழியில் வருவார், அப்போது போடுங்கள் என்று சொல்லலாம்போல இருந்தது. பிறகு கைப்பையிலிருந்து மரணச் சான்றிதழை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். மூன்று வருடமாக அது அந்தப் பைக்குள்ளேயே மடிந்து கிடந்தது. அவர் வாசித்தார். முகம் சிவந்துவிட்டது. மன்னிக்கவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அதற்குப் பிறகு வேண்டிய தாள்களை எல்லாம் அவரே எழுதி, எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று விரலால் காட்டினார். மற்ற ஆவணங்களோடு நான் இன்னொரு நாள் போகவேண்டியிருந்தது. அன்றும் தன் கண்ணாடிக்கே கூப்பிட்டார்.

புதுப் பத்திரம் இயந்திரத்திலிருந்து வந்தது. இவருடைய பெயர் இருந்த இடத்தில் என் பெயர். காரின் உயரம் என்ற வரியிலும் புது எண். பழைய தாளில் செல்லாது என்று முத்திரை குத்தினார்.

"அதை நான் வைத்துக்கொள்ளலாமா?"

"வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். செத்தவீட்டில் அழுததைவிடக் கூட.

5

கார்த்திகையில் இவருடைய திதிக்கு அபி வந்தாள். எங்கள் ஒரே மகள், இருபத்துநான்கு வயது, ஹனோவரில் படித்து முடித்து அங்கேயே வேலை. முன்பு கிழமைக்கொருக்கா வருவாள், பிறகு மாதத்துக்கொருக்கா, இப்போது திதிக்கும் தன் பிறந்தநாளுக்கும். அவளைக் குறை சொல்லவில்லை. வந்தால் நான் சமைக்கிறேன், அவள் சாப்பிடுகிறாள், நான் உடம்பைப் பற்றிக் கேட்கிறேன், அவள் "நல்லாயிருக்கிறன்" என்கிறாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பேச்சு அகப்படுவதில்லை. இவர் இருந்தபோது இரண்டு பேரும் அவரோடு பேசினோம். அதனால் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதாக நினைத்திருந்தேன்.

ஸ்ரேஷனில் கூட்டிவரப் போனேன். அவள் காரைக் கண்டு, நடைபாதையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என்ன?"

"உயத்தினனான். பனிக்கு."

"ஆரைக் கேட்டு?"

"ஆரைக் கேக்கிறது பிள்ளை?"

"என்னை! அது அப்பான்ரை கார், அம்மா." அதற்குமேல் தமிழ் வரவில்லை, ஜெர்மனில் படபடவென்று பேசினாள். எல்லாம் மாற்றியாகிவிட்டது, மணம்கூட வேறாகியிருக்கும், சத்தம் வேறாகியிருக்கும், ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் வந்து ஒரு தடவை பழையபடி இருந்து பார்த்திருப்பேனே என்றாள்.

எனக்கும் கோபம் வந்தது. "நீ வாறேல்லை. வராத ஆளிட்டை நான் எதைக் கேக்கிறது?" என்றேன்.

திதி முடிந்து, சாப்பிட்டு, மறுநாள் மதிய ரயிலுக்கே போய்விட்டாள். போகுமுன் காருக்குள் தனியாகக் கொஞ்ச நேரம் இருந்தாள். ஜன்னலால் பார்த்தேன். இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

6

பிராண்டெஸை இல்லத்தில் சேர்ப்பது வசந்தம் வரை பிற்போடப்பட்டது. பொறுப்பாளர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு குளிர்காலம் பார்ப்போம்" என்றார். மார்கழியில் பனி அதிகம் விழவில்லை. தை பிறந்து இரண்டாம் கிழமைதான் கொட்டியது.

அன்று காலை காட்டுப்பாதையில் தடமே இல்லை. மெதுவாக, கியரை மாற்றாமல், ஒரே சீராக ஏறினேன். போன வருடம் குந்திய இடத்தில் அடியில் பனி உரசுகிற சத்தம் கேட்டது. உரசியதே தவிரப் பிடிக்கவில்லை. சில்லுகள் பனியைக் கடித்துக் கடித்து ஏறின. ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருக்க வாசலில் நிறுத்தினேன். காருக்குள் எனக்குப் பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் சந்தோசத்தில் கத்தியிருப்பேன். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

ஊசி ஏற்றினேன். அவர் பாணை எடுத்தார். கிளம்பும் நேரம் அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு. பிராண்டெஸ் வீட்டுத் தொலைபேசிக்கே அடித்தார்கள். கீழே பிரதான வீதியில் மரம் முறிந்து விழுந்திருக்கிறது. அகற்ற இரண்டு மணித்தியாலம் ஆகும். மற்ற வீடுகளை வேறு ஆட்கள் பார்க்கிறார்கள். நீங்கள் அங்கேயே இருங்கள்.

இருந்தேன். ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் முதல் தடவையாகக் கதிரையில் இருந்தேன். பிராண்டெஸ் எழுந்து கோப்பி ஊற்றித் தந்தார். ஜன்னலால் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது பழைய கார்தானே? பாடுகிற மனிதருடையது."

"எந்த மனிதர்?"

"உங்கள் சாரதி. முதல் வருடம் உங்களைக் கொண்டுவந்து இறக்குவாரே."

முதல் குளிர்காலத்தில் எனக்குப் பனியில் ஓட்டப் பயம். இவர் தன் மதிய வேலைக்கு முன் விடியற்காலையில் எழுந்து என்னைக் கூட்டிக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காரில் காத்திருப்பார்.

"அவர் சாரதி இல்லை. என் கணவர்."

"ஓ" என்றார் பிராண்டெஸ். "எங்கே இப்போது?"

இந்தத் தடவை சரியான சொல் வந்தது. அவர் கோப்பையை மேசையில் வைத்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்கக் கொஞ்சம் திறந்து விட்டிருப்பார். சத்தம் இங்கே வரும். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, ஸ்ரியரிங்கில் கையால் தட்டித் தட்டிப் பாடுவார்."

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தேன். இவர் பாடி நான் கேட்டதில்லை. ஒரு வரி முணுமுணுத்தும் கேட்டதில்லை.

"நன்றாகப் பாடினாரா?" என்று கேட்டேன்.

பிராண்டெஸ் உண்மையாகவே யோசித்தார். "இல்லை. நன்றாக இல்லை. ஆனால் உரத்து. நீங்கள் கதவைத் திறந்ததும் நிறுத்திவிடுவார்."

மரத்தை அகற்றிவிட்டதாகச் செய்தி வந்ததும் விடைபெற்று வெளியே வந்தேன். மலையிறங்கி, சிக்னல் கிடைக்கும் வளைவில் காரை ஓரமாக நிறுத்தி, அபிக்கு அடித்தேன். கார்த்திகைக்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

"என்னம்மா? என்ன நடந்தது?" பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒண்டும் நடக்கேல்லை. ஒண்டு கேக்கவேணும். அப்பா பாடுறவரோ?"

அவள் மெல்லச் சொன்னாள்: "ஓம். காருக்குள்ளை. ஸ்கூலுக்குப் போகேக்கை ஒவ்வொரு நாளும்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"அப்பாக்கு வெக்கம். நீங்கள் நல்லாப் பாடுவியளாம், கலியாணத்துக்கு முதல் மேடையிலை பாடினனீங்களாம். அம்மாட்டைச் சொல்லாதை, சிரிப்பா எண்டு சொன்னவர்."

நான் பாடுவதை விட்டு முப்பது வருடம். அது அவருக்கு நினைவிருந்ததே எனக்குத் தெரியாது.

"நான் சிரிச்சிருக்கமாட்டன் பிள்ளை" என்றேன். "என்ன பாட்டு?"

"பேர் தெரியாது. ஒரே பாட்டுத்தான் எப்பவும்."

"எப்பிடிப் போகும்?"

"இப்பவா? நான் வேலையிலை நிக்கிறன், அம்மா."

"ஓம். சரி. பிறகு சொல்லு."

எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. படிக்கட்டுக்கு வந்திருக்கவேண்டும், அவள் மூச்சு எதிரொலித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகத் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் சொல் மறந்து, வெறும் ராகமாக முனகினாள். பிறகு சொல் திரும்பக் கிடைத்தது.

எனக்குத் தெரிந்த பாட்டுத்தான். மறந்த சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கலாம். வாய் திறந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பேசாமல் இருந்தேன்.